தொண்டர் படைக் கேர்ணல்



உயர்தர வகுப்பிலே பெரியபுராணம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், இராணுவத்திலே தொண்டர் படை என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன தொண்டு?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தொண்டரையும், ஆண்டுக்கணக்காக நியமனத்துக்குக் காத்திருக்கும் தொண்டர் ஆசிரியரையும், துவக்கு ஏந்திய தொண்டரையும் நாம் ஒரே சொல்லால்தானே அழைக்கிறோம்? அந்த மூன்றாவது தொண்டரை விளக்கப் போய்த்தான் கேர்ணல் எஃப். சி. டி சேரத்தின் வரலாற்றுக்கு வந்து சேர்ந்தேன். பாதியில் மணி அடித்துவிட்டது. முழுவதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

1881ஆம் ஆண்டில் இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்கள் என்ற பெயரில் இந்த ஏற்பாடு தொடங்கியது. 1910இல் அது இலங்கைப் பாதுகாப்புப் படையாயிற்று. சுதந்திரத்தின் பின் 1949இல் நிறைவேறிய இராணுவச் சட்டம் நிரந்தரப் படையை உருவாக்கியது. அதன் பக்கத்திலே தொண்டர் படையும் நிலைத்தது. பகலில் சட்டத்தரணி, தோட்டத்துரை, கந்தோர் உத்தியோகத்தர், மாலையில் சீருடை, ஆண்டுக்கொரு முறை தியத்தலாவையில் முகாம். நாட்டுக்கு நெருக்கடி வந்தால் முழுநேரச் சேவை. ஆங்கிலம் கற்ற மேட்டுக்குடியினருக்கு இது கடமையாக மட்டுமன்றிக் கௌரவமாகவும் இருந்தது.

டி சேரம் அந்த வார்ப்பில் பிறந்தவர். 1912இல் பிறந்து, கொழும்பு றோயல் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்டின் கீபிள் கல்லூரிக்குச் சென்றார். 1934இல் பல்கலைக்கழக அணிக்காகத் தமது முதல் ஆட்டத்திலேயே குளொஸ்ரர்ஷயருக்கு எதிராக 176 ஓட்டங்கள். அதே பருவத்தில் அங்கு வந்த அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக 128. அந்த இன்னிங்ஸில் ஒக்ஸ்போர்ட் அணியின் வேறெவரும் 16ஐத் தாண்டவில்லை. மனிதரின் குணத்தை அறிய இந்த ஒரு கணக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சுற்றி நிற்பவர்கள் விழுந்துகொண்டிருக்கத் தான் மட்டும் நின்றாடக்கூடியவர். ஊர் திரும்பிச் சட்டத்தொழில் செய்தார். நமது சதாசிவம் தலைமை தாங்கிய இலங்கை அணிக்கு அடுத்துத் தலைவரானவரும் அவரே.

இவற்றோடு பீரங்கிப்படையில் தொண்டர் அதிகாரியாகவும் இருந்தார். படிப்படியாக உயர்ந்து கேர்ணலாகி, 1962ஆம் ஆண்டு பிறந்தபோது இலங்கைத் தொண்டர் படையின் பிரதிக் கட்டளைத் தளபதியாக இருந்தார். முழுநேரப் படையாள் அல்லாத ஒருவர் எட்டக்கூடிய உச்சப்படி ஏறத்தாழ இதுதான்.

ஆனால் 1956க்குப் பின் நாடு மாறிவிட்டது. சிங்களம் மட்டும் சட்டம், பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை, வேலைநிறுத்தங்கள், அவசரகாலச் சட்டம். மேட்டுக்குடி அதிகாரிகள், அவர்களிற் பலர் கிறிஸ்தவர்கள், தங்கள் காலம் முடிகிறது என்று கண்டார்கள். 1962 ஜனவரி 27ஆந் திகதி இரவு பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்ப்பதற்குத் திட்டம் தீட்டப்பட்டது. அமைச்சர்களைச் சிறைப்பிடிப்பது, கொழும்பைக் கைப்பற்றுவது. பொலிஸ் உயர் அதிகாரிகளும் கடற்படையின் முன்னாள் தளபதியும் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். தலைமை தாங்கியவர்களில் முன்னிற்பவர் டி சேரம். பொலிஸ் அதிகாரி ஒருவர் வழியாகச் செய்தி கசிந்தது. வெடி ஒன்றும் தீராமலே முயற்சி முடிந்தது. டி சேரம் கைதானார்.

அவர் நாட்டைக் காக்கவே முனைந்தார் என்று இன்றும் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்கள் தெரிந்த அரசைப் பீரங்கியால் இறக்குவது எந்த அகராதியிலும் தொண்டு ஆகாது. 1961 ஏப்ரலில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலிருந்த சத்தியாக்கிரகிகளை இராணுவம் அகற்றிய விதத்தை நம் பெரியவர்கள் கண்டவர்கள். படையதிகாரிகள் ஆட்சி நமக்கு நிழல் தந்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

ஆயினும் கதையின் கனமான பகுதி இனித்தான் வருகிறது. இருந்த சட்டத்தால் இவர்களைத் தண்டிப்பது கடினம் என்று கண்ட அரசாங்கம், இவர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 1962 மார்ச்சில் நிறைவேறிய அந்தச் சட்டம் ஜனவரி முதலாந் திகதியிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. பிடியாணையின்றிக் கைதுசெய்ததையும் தடுத்து வைத்ததையும் அது பின்னோக்கிச் சரியாக்கியது. பொலிஸ் காவலில் சொன்னவற்றையும் சான்றாக ஏற்க வழிசெய்தது. குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும். ஜூரிகள் இல்லை. விசாரிக்கும் நீதியரசர்களைக்கூட அமைச்சரே பெயர் குறிக்கலாம்!

முதலாவது ஆயத்தில் ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராஜா ஆகிய மூவர் இருந்தனர். அமைச்சர் நீதியரசரைத் தெரிவது செல்லாது என்று தாம் நியமனம் பெற்ற அதே நியமனத்தை அவர்களே நிராகரித்தார்கள். பதவியில் இருந்துகொண்டு அந்தப் பதவியைத் தந்த கையைத் தள்ளிவிடுவது சின்னக் காரியமல்ல. சட்டம் திருத்தப்பட்டது. இரண்டாவது ஆயமும் கலைந்தது. மூன்றாவது ஆயம் 1965 ஏப்ரலில் 24 பேரில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. டி சேரமும் ஒருவர்.

மேன்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. முதலாவது எதிரி சிவில் சேவையாளரான லியனகே என்பதால் வழக்கு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1965 டிசம்பரில் பியர்ஸ் பிரபு தீர்ப்பை வழங்கினார். குறித்த சில ஆட்களைத் தண்டிப்பதற்கென்றே சட்டம் செய்வது நீதிமன்றத்தின் வேலையைப் பாராளுமன்றம் பறிப்பதாகும். அரசியலமைப்பு அதற்கு இடந்தரவில்லை. அனைவரும் விடுதலை. எந்த அரசியலமைப்பைத் தூக்கியெறியப் போனார்களோ, அதுவே அவர்களைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. டி சேரம் சட்டம் படித்தவர். இதை அவர் எப்படி எண்ணிப் பார்த்தாரோ!

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் அதே மாணவன் கேட்டான்: "அப்படியென்றால் அதற்குப் பிறகு அப்படிச் சட்டம் செய்ய முடியாது, என்ன சேர்?"

முடிந்தது என்றேன். பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையிடும் உரிமை 1971இல் நீக்கப்பட்டது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட இளைஞருக்கென்று 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அங்கும் காவலில் கொடுத்த வாக்குமூலம் சான்றாயிற்று. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுக்கும் வாக்குமூலமே போதுமானதாயிற்று. அதன்கீழ் ஆண்டுக்கணக்காக உள்ளே இருந்தவர்களுக்கு லண்டன் கதவு இல்லை. இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தின் பெயர் வீட்டிலேயே தெரியும்.

டி சேரம் 1983 ஏப்ரலில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு பெப்ரவரியில், கொழும்பு சரவணமுத்து மைதானத்தில், இலங்கை இங்கிலாந்துக்கு எதிராகத் தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியிருந்தது.