கணினி எழுத்துரு

ஒரு மொழியின் அக்ஷரங்கள் திரையிலும் காகிதத்திலும் எந்த ரூபத்தில் தோன்ற வேண்டும் என்பதைக் கணினிக்கு அறிவிக்கும் கோப்பு எழுத்துரு எனப்படும். வழக்கில் இதனை ஃபாண்ட் என்பர். ஈய அச்சுக் காலத்தில் ஓர் அளவிலும் ஒரு பாணியிலும் வார்க்கப்பட்ட அச்சுக்களின் தொகுதிக்கே இப்பெயர் வழங்கிற்று. ஆகையால் பத்துப் புள்ளி அளவுக்கு ஒரு தொகுதியும் பன்னிரண்டுக்கு மற்றொன்றுமாக அச்சுக்கூடத்தார் தனித்தனியே வாங்கி வைக்க வேண்டியிருந்தது. கணினியில் அத்தொகுதி முதலில் சித்திரமாகவும், பின்னர் அச்சித்திரத்தை வரைவதற்குரிய சூத்திரமாகவும் மாறியதே எழுத்துருவின் சரித்திரம்.

புள்ளியுருக்கள். ஜெர்மானியப் பொறியாளரான ருடால்ஃப் ஹெல் 1965-இல் வெளியிட்ட டிஜிசெட் என்னும் யந்திரம், எழுத்துக்களைப் புள்ளிகளாகப் பகுத்து எண் வடிவில் சேமித்து, கதோட் கதிர்க்குழாயின் முகப்பில் ஒளியால் எழுதிக் காட்டிற்று. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியும் இம்முறையையே கையாண்டது. குறுக்கே எட்டும் நெடுக்கே எட்டுமாக அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தில், ஒளிர வேண்டிய கட்டத்துக்கு 1 என்றும் இருள வேண்டியதற்கு 0 என்றும் குறித்துக்கொண்டால், ஓர் எழுத்து எட்டே பைட்டில் அடங்கிவிடும். 256 எழுத்துக்களுக்கு 2,048 பைட் போதும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் எளிதான இம்முறையில் கணக்கிடும் வேலையே இல்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வளைவுகளெல்லாம் படிக்கட்டுகளாகிவிடும். எனவே ஒவ்வோர் அளவுக்கும் தனிக் கோப்பு தேவைப்பட்டு, ஈய அச்சின் சங்கடமே திரும்பவும் வந்து சேர்ந்தது.

கோட்டுருக்கள். எழுத்தின் உடலைச் சேமியாமல் அதன் எல்லைக்கோட்டை மாத்திரம் சேமித்தால் என்ன என்னும் யோசனை இச்சங்கடத்துக்குப் பரிகாரமாயிற்று. 1970-களில் ஹாம்பர்க் நகரத்துப் பீட்டர் காரோ, இக்காரஸ் என்ற முறையினால் எழுத்துக்களின் விளிம்பை எண்களாக்கினார். தம் நூலின் அச்சுப்படிகள் அவலட்சணமாக வந்தது கண்டு மனம் நொந்த கணித அறிஞர் டொனால்ட் க்னூத், 1977-இல் தொடங்கி மெட்டாஃபாண்ட் என்னும் மொழியை இயற்றி, பேனாமுனை செல்லும் பாதையைச் சமன்பாடுகளால் விவரித்தார். ஆயினும் உலக வழக்கில் நிலைத்தது எல்லைக்கோட்டு முறையே. அதற்கு ஆதாரமான வளைகோடுகள், பிரான்சு தேசத்து மோட்டார் தொழிற்சாலைகளில் வண்டிகளின் மேற்கூட்டை வரைவதற்காக, சித்ரோயனில் பால் த கஸ்தெல்ஜோவும் ரெனோவில் பியேர் பெசியேயும் ஒருவரையொருவர் சாராமல் கண்டவை.

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகிய இருவரும் 1982-இல் நிறுவிய அடோபி, இவ்வளைகோடுகளைக் கொண்டு போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரண மொழியை ஆக்கிற்று. 1985-இல் அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சிடும் ஆப்பிள் லேசர்ரைட்டரில் அது இடம்பெற்றது. தன் டைப் 1 எழுத்துருவின் உள்ளமைப்பை அடோபி இரகசியமாக வைத்திருக்கவே, பிறர் தயவில் இருக்க விரும்பாத ஆப்பிள், சாம்போ காசிலாவைக் கொண்டு ட்ரூடைப் என்னும் மாற்று முறையை உருவாக்கி 1991-இல் வெளியிட்டது. மறு ஆண்டு அது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 3.1-இலும் புகுந்தது. வரவிருந்த இப்போட்டியின் பலனாக, 1990-லேயே அடோபி தன் இரகசியத்தை நூலாகப் பிரசுரித்துவிட்டது.

வரையும் முறை. ட்ரூடைப் எழுத்துக்கள் பெரும்பாலும் 2,048 அலகு உயரமுள்ள கற்பனைச் சதுரத்தில் வரையப்படுகின்றன. அங்குலத்துக்கு 96 பிக்சல் என்னும் ஒளிக்கட்டங்களுள்ள திரையில் பன்னிரண்டு புள்ளி எழுத்தளவு என்பது 16 பிக்சலாகும். அதாவது ஒரு பிக்சலுக்கு 128 அலகு. ஓர் எழுத்தின் நெடுங்கால் 192 அலகு தடிப்பாயின், திரையில் அது ஒன்றரைப் பிக்சல் ஆகவேண்டும். பிக்சலுக்கோ பாதி கிடையாது. கணினி தன்னிச்சையாக முழுமையாக்கினால் ஒரே சொல்லில் ஒரு கால் தடித்தும் மற்றொன்று மெலிந்தும் நிற்கும். இவ்விகாரத்தைத் தவிர்க்க, எல்லாக் கால்களையும் ஒரே தடிப்பில் நிறுத்துமாறு கட்டளையிடும் சிறு நிரல்கள் எழுத்துருவினுள்ளேயே வைக்கப்பட்டன; இவற்றை ஹின்டிங் என்பர். விளிம்புப் பிக்சல்களுக்குக் கருமையும் வெண்மையுமல்லாத இடைநிறங்களைத் தீட்டிப் படிக்கட்டை மறைப்பது பிறிதோர் உபாயம்.

தமிழும் ஓப்பன்டைப்பும். 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துக்களுக்குரிய ஸ்தானங்களில் தத்தம் மனம்போனபடி தமிழ் வடிவங்களைக் குடியேற்றியிருந்தமையால், ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் வேறோர் எழுத்துருவில் குப்பையாகத் தெரிந்தது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் நியமங்களை ஏற்படுத்திற்று. இக்குறையைத் தீர்க்கும், எல்லா மொழிகளுக்கும் பொதுவான எண்வரிசையாகிய யூனிகோடில், 1991-இல் வந்த முதற்பதிப்பிலிருந்தே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தும், அதைத் திரையில் செவ்வனே காட்டுவதற்கு, மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996-இல் கூட்டாக அறிவித்த ஓப்பன்டைப் போன்றதொரு அமைப்பு வேண்டியிருந்தது. ‘கொ’ என்பதைக் கணினி 2965 என்னும் ககரமாகவும் 3018 என்னும் ஒகரக் குறியாகவும் இரண்டே எண்களில், ஒலிக்கும் வரிசையிலேயே சேமிக்கிறது. காட்டும்போதோ அக்குறியை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் அமர்த்த வேண்டும். இவ்விடமாற்றத்தை இயங்குதளத்தின் வடிவமைப்பு நிரலும், எந்த வடிவத்துக்குப் பதில் எந்த வடிவம் என்பதை எழுத்துருவிலுள்ள பதிலீட்டு அட்டவணையும் கவனித்துக்கொள்கின்றன.

மாறும் எழுத்துருக்கள். 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நான்கும் சேர்ந்து மாறும் எழுத்துருவை அறிவித்தன. மெலிந்த வடிவம், தடித்த வடிவம் என இரு எல்லைகளை வரைந்தவர் குறித்துவிட்டால், இடையிலுள்ள எந்தத் தடிப்பையும் கணினியே கணித்து வரைந்துகொள்ளும். அச்சுக்கூடத்தில் எத்தனையோ பெட்டிகளை அடைத்துக்கொண்டிருந்த எழுத்துருக் குடும்பம் முழுவதும், இன்று ஒரே கோப்பில் குடியிருக்கிறது.