கினிப்பன்றிக்கு ஒரு துணை

சுவிட்சர்லாந்தில் ஒரே ஒரு கினிப்பன்றியை மட்டும் வீட்டில் வளர்ப்பது சட்டத்துக்கு விரோதமானது. வேடிக்கைக்குச் சொல்வதல்ல, உண்மை! 2008 ஏப்ரல் 23 அன்று வெளியான விலங்கு நல விதிகள் அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தன. கினிப்பன்றி வளர்ப்பவர்கள் குறைந்தது இரண்டையாவது சேர்த்து வளர்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. அப்போது பல நாட்டுப் பத்திரிகைகள் இதைப் படித்துச் சிரித்தன. ஆனால் இந்தச் சிறு பிராணியின் கதையைத் தெரிந்துகொண்டால் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

முதலில் பெயர். இது கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல, பன்றியும் அல்ல. எலி, அணில் போலக் கொறித்துத் தின்னும் இனம். தமிழில் சீமைப்பெருச்சாளி என்றும் சொல்வார்கள். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பழக்கினார்கள், இறைச்சிக்காக. 'குய்' என்பது அங்கே இதன் பெயர். அதன் குரலைக் கேட்டு வைத்த பெயர் என்பார்கள்.

அவர்கள் இதைக் கூண்டில் அடைக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடுப்படியில்தான் வளர்த்தார்கள். சமையல் நடக்கும்போதே காலடியில் பத்து, இருபது என்று கூட்டமாக ஓடித் திரியும். காய்கறித் தோலும் புல்லும் உணவு. அடுப்பின் சூடு மலைக்குளிரிலிருந்து காப்பாற்றும். விருந்து வந்தால் அதிலிருந்தே ஒன்றைப் பிடித்துச் சமைப்பார்கள். (குஸ்கோ நகரத் தேவாலயத்தில் மார்கோஸ் சபாட்டா வரைந்த இயேசுவின் கடைசி விருந்து ஓவியத்தில் தட்டில் கிடப்பது குய் என்றே பலரும் சொல்கிறார்கள்!) வாழ்க்கை கத்தியில் முடிந்தாலும், அதுவரை தனிமை என்பது அவற்றுக்குத் தெரியாது.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக இது கடல் கடந்து ஐரோப்பா போனது. 1554ல் சூரிச் நகரத்து மருத்துவர் கான்ராட் கெஸ்னர் இதைப் பற்றி எழுதினார். அவர் வைத்த பெயரில் 'இந்திய' என்ற சொல் இருக்கிறது. அது அமெரிக்காவைக் குறிப்பது; நம் இந்தியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1580 வாக்கில் வரைந்த ஓர் ஆங்கிலேய ஓவியத்தில் மூன்று குழந்தைகள் நிற்கிறார்கள், ஒரு சிறுமியின் கையில் ஒரு கினிப்பன்றி. ஆம், ஒன்றே ஒன்று. அடுப்படிக் கூட்டம் பணக்கார வீட்டு விளையாட்டுப் பொருளாக மாறிவிட்டது.

பிறகு விஞ்ஞானிகளின் முறை. 1782-83 குளிர்காலத்தில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். 1882ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிய உதவியதும் இதே பிராணிதான். தமிழில் 'சோதனை எலி' என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் கினிப்பன்றியைச் சொல்வது சும்மா இல்லை.

இத்தனை சோதனை நடந்தும், அது தனியாக இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே எழுந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த நார்பர்ட் சாக்ஸரும் அவர் குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பழக்கமில்லாத இடத்தில் ஓர் ஆண் கினிப்பன்றியை விட்டால் அதன் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வேகமாக ஏறுகிறது. அதற்கு நெருக்கமான பெண் துணை பக்கத்தில் இருந்தால் அந்த ஏற்றம் பெரிதும் குறைகிறது. வேறு ஏதோ ஒரு பெண் இருந்தால் அந்தப் பலன் இல்லை! ஆக, 'இன்னொன்று' இருந்தால் போதாது. அது பழகிய துணையாக இருக்க வேண்டும்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. கூட்டத்தில் பெரிய ஆண்களுக்கு நடுவே வளர்ந்த ஆண், புது இடத்தில் அந்நிய ஆணைப் பார்த்தாலும் அடங்கிப் போகக் கற்றிருக்கிறது. தனியாக வளர்ந்த ஆணுக்கோ அந்தப் பாடம் தெரியாது, சண்டைக்கு நிற்கிறது. கடையில் இன்னொரு ஆணை வாங்கி வந்து நேராக அதே கூண்டில் போடுபவர்கள் ரத்தக் காயத்தைப் பார்ப்பது இதனால்தான்.

அனுபவசாலிகள் அப்படிப் போடுவதில்லை. புதியதை முதலில் சில வாரம் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பின்பு இரண்டுக்குமே சொந்தமில்லாத ஓர் இடத்தில் சந்திக்க விடுவார்கள். நிறையக் காய்ந்த புல், இரண்டு தண்ணீர்ப் புட்டி, இரண்டு வழி உள்ள ஒளிவிடங்கள் வேண்டும். ஒரே வாசல் என்றால் துரத்தப்பட்டது உள்ளே மாட்டிக்கொள்ளும். உறுமுவதும் துரத்துவதும் சகஜம். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே நின்றால் எச்சரிக்கை. பெரும்பாலும் ஒத்துப்போகும் ஜோடி, காயடித்த ஆணும் பெண்ணும். காயடித்த பிறகும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்துக் கூண்டில் ஐந்தாறு இருக்கும். முயலைத் துணையாக வைப்பது தவறு. அதன் ஒரு உதை போதும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சுவிஸ் விதிகள் விடவில்லை. இரண்டுக்குக் குறைந்தது 0.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 5 சதுர அடி. ஒளிந்துகொள்ள இடமும், கொறிக்கப் பொருளும், வைட்டமின் சி உள்ள உணவும் கட்டாயம். மனிதனைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. கூண்டு விஷயத்தில் ஆண்டீஸ் அடுப்படி அளவுக்கு இது தாராளம் இல்லைதான், ஆனாலும் கடைகளில் விற்கும் பல கூண்டுகளைவிடப் பெரிது.

சட்டம் எழுதியவர்களால் ஒன்றை மட்டும் தடுக்க முடியவில்லை. இரண்டும் ஒரே நாளில் இறப்பதில்லை. கினிப்பன்றியின் ஆயுள் ஐந்து முதல் எட்டு ஆண்டு. ஒன்று இறந்த அன்றே மிச்சமிருப்பது தனியாகிவிடும், உரிமையாளர் விதியை மீறியவராகிவிடுவார்! குட்டி ஒன்றை வாங்கினால் நாளை பெரியது இறக்கும், குட்டி தனியாகும். மறுபடி இன்னொன்று... குழந்தைகள் வளர்ந்து வேறு ஊர் போன பிறகும் பெற்றோர்கள் கினிப்பன்றி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி அங்கேயே பிறந்தது. சூரிச் மாநிலத்தில் ஒரு பெண்மணி கினிப்பன்றிகளை வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 2011ல் அந்தச் செய்தி உலகமெங்கும் வந்தது. பணம் கட்டித் துணையை எடுத்துப் போகலாம். வீட்டிலிருக்கும் கிழம் இறந்த பிறகு திருப்பிக் கொடுத்தால் பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாடகைக்கு வந்தது தன் பழைய கூட்டத்துக்கே போய்ச் சேரும். அங்கேயும் அதை மெதுவாகத்தான் மறுபடி அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும்.