மேசைக்கு வந்த அஞ்சலகம்

கடிதம் எழுத விழைவோர் அனைவரும் கணினிக் கட்டளைகளைக் கற்றிருத்தல் வேண்டுமா? மின்னஞ்சலின் தொடக்கக் காலத்தில் அந்நிலையே நிலவியது. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் கணினி வலையின் வழியே முதல் மடலை அனுப்பினார். அதன்பின் நெடுங்காலம், மடலைப் படிக்க விரும்பியோர் பெரும்பாலும் தொலைவிலிருந்த பெருங்கணினியுள் நுழைந்து, கட்டளைகளைப் பிழையின்றித் தட்டச்சிட வேண்டியிருந்தது. அதனால் அவ்வசதி பழகியோர் சிலரின் உடைமையாகவே நின்றது.

இத்தடையை நீக்க முனைந்தோருள் ஸ்டீவ் டார்னர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1988இல் மெக்கின்டாஷ் கணினிக்கென ஒரு மென்பொருளை உருவாக்கினார். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட உழைப்பில், ஏறத்தாழ 50,000 வரிகளில் அது எழுதப்பட்டது. அஞ்சலகத்தில் குடிபுகும் பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்ட்டியின் பெயரை நினைந்து, அதற்கு ‘யூடோரா’ எனப் பெயரிட்டார்.

அதன் அமைப்பு தெளிவானது. தொலைவிலுள்ள கணினி, அஞ்சலகம்போல் மடல்களைக் காத்து வைக்கும். 1984இல் முதன்முதல் வகுக்கப்பட்ட ‘பாப்’ எனும் அஞ்சலக நெறிமுறை, அவற்றைப் பயனரின் மேசைக் கணினிக்குக் கொணரும். திரையில் விரியும் பட்டியலிலிருந்து வேண்டிய மடலைச் சுட்டியால் திறந்து படிக்கலாம், மறுமொழியும் எழுதலாம். நெறிமுறையின் நுணுக்கங்கள் அனைத்தும் திரைக்குப் பின்னே மறைந்தன.

2006இல் யூடோராவின் வளர்ச்சி நின்றது. 2018இல் அதன் மூல நிரலைக் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. படைத்தவர் கடுமையைத் தாம் சுமந்தார். பயன்கொள்வோர்க்கு எளிமையை வழங்கினார். நல்லாசிரியர் வகுப்பறையில் நாளும் ஆற்றும் பணியும் இதுவன்றோ!