நார்வேயின் தேசிய நாள்

நார்வே நாடு ஆண்டுதோறும் மே 17ஆம் நாளைத் தன் தேசிய நாளாகக் கொண்டாடுகிறது. பலரும் நினைப்பதுபோல் இது விடுதலை பெற்ற நாள் அன்று. 1814ஆம் ஆண்டு அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் கையெழுத்தான நாள்.

நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க் மன்னர்களின் கீழ் இருந்த நார்வே, நெப்போலியன் போர்களில் டென்மார்க் தோற்றதால், 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையின்படி சுவீடனுக்குக் கைமாறியது. நார்வே மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை ஏற்காத 112 பிரதிநிதிகள் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடி, சில வாரங்களிலேயே ஓர் அரசியலமைப்பை எழுதி முடித்தனர். அதே நாளில் டென்மார்க் இளவரசர் கிறிஸ்டியன் பிரெடெரிக்கைத் தங்கள் மன்னராகவும் தேர்ந்தெடுத்தனர். அந்தக் கோடையிலேயே சுவீடன் படையெடுத்தது. மன்னர் பதவி விலகினார். நார்வே சுவீடன் மன்னரை ஏற்க வேண்டியதாயிற்று. ஆனால் அரசியலமைப்பு, சில திருத்தங்களுடன், நிலைத்துவிட்டது. சுவீடனுடனான இணைப்பு முடிய 1905 வரை காத்திருந்த மக்களுக்கு இந்த ஆவணமே பிடிமானமாக இருந்தது.

அதனால்தான் இந்த விழா மன்னரின் கண்ணை உறுத்தியது. 1818இல் அரியணை ஏறிய கார்ல் யூஹான், மே 17ஐக் கொண்டாடுவது தம் ஆட்சிக்கு எதிரானது என்று கருதி, 1828இல் தடுத்தார். மறு ஆண்டு அதே நாளில் தலைநகர் கிறிஸ்டியானியாவுக்கு (இன்றைய ஆஸ்லோ) ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற பெயருடைய நீராவிக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. வரவேற்கத் திரண்ட மக்கள் பின்னர் நகரச் சதுக்கத்தில் கூடினர். குதிரைப்படையை ஏவி அவர்களைக் கலைத்தார்கள். இந்நிகழ்ச்சி ‘சதுக்கப் போர்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. கொண்டாட்டத்தை அதன் பிறகு அடக்க முடியவில்லை. இன்று ஆஸ்லோவின் ஊர்வலம் செல்லும் முதன்மைத் தெருவுக்கு அதே கார்ல் யூஹானின் பெயர்தான் என்பது வேடிக்கை.

பல நாடுகளின் தேசிய நாளில் பீரங்கிகளும் படை அணிவகுப்பும் முன்னிற்கும். இங்கே முன்னிற்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நாட்டுப்பண்ணை எழுதிய கவிஞர் பியோர்ன்சனின் முயற்சியால் 1870இல் சிறுவர் ஊர்வலம் தலைநகரில் வேரூன்றியது. சிறுமியருக்கு அதில் இடம் கிடைக்க 1889 வரை ஆயிற்று! ஒவ்வொரு பள்ளியும் தன் கொடியுடனும் இசைக்குழுவுடனும் நடக்க, அரண்மனை மாடத்தில் நின்று அரச குடும்பத்தினர் கையசைக்கிறார்கள். பெரியவர்கள் ‘பூனாட்’ எனப்படும் வட்டார மரபுடை அணிகிறார்கள். எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதை உடையே சொல்லிவிடும். பிள்ளைகளுக்கோ அன்று ஐஸ்கிரீமுக்குக் கணக்கில்லை. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் இவை யாவும் தடைப்பட்டிருந்தன. 1945 மே 8இல் விடுதலை கிடைத்தது. ஒன்பது நாள் கழித்து மீண்டும் ஊர்வலம் புறப்பட்டது.

கொண்டாடப்படும் அந்தச் சட்டத்தில் ஒரு கறையும் இருந்தது. அதன் இரண்டாம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் நுழைவதையே தடை செய்தது. எய்ட்ஸ்வோலில் இதற்கு ஆதரவாக நின்றவர்களுள் ஒருவர் நிக்கோலாய் வெர்கெலாண்ட் என்ற பாதிரியார். அவருடைய மகன், கவிஞர் ஹென்ரிக் வெர்கெலாண்ட், இருபது வயது மாணவராகச் சதுக்கப் போரில் நின்றவர். 1833இல் இந்நாளின் முதல் பொது உரையை ஆற்றியவரும் அவரே. தந்தை ஆதரித்த அந்தத் தடையை நீக்கும்படி அவர் ஆண்டுக்கணக்காகப் போராடினார். 1845இல் அவர் இறந்தபோது தடை அப்படியே இருந்தது, 1851இல்தான் நீங்கியது. ஒவ்வொரு மே 17 அன்றும் ஆஸ்லோவிலுள்ள அவருடைய கல்லறையில் யூத சமூகத்தினர் மலர்வளையம் வைக்கிறார்கள்.