வீரகேரளம்புதூர்

வீரகேரளம்புதூர்: தென்காசி மாவட்டத்தில் சுரண்டைக்கு அருகே, சிற்றாறும் அனுமன் நதியும் கூடுமிடத்தை ஒட்டி அமைந்த ஊர், வட்டத் தலைமையிடம். பேச்சு வழக்கில் வீ.கே.புதூர். 2019இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலியைச் சேர்ந்திருந்தது.

வட்டாரப் பாசனம் ஆற்றையும் குளத்தையும் இணைப்பது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாற்று நீரை அணைக்கட்டுகள் தடுத்துக் கால்வாய்கள் வழியே குளங்களுக்குத் திருப்புகின்றன. ஒரு குளம் நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு நீர் செல்லும். மடை திறந்தால் வயலுக்கு இறங்கும். குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரிடத்தில் தூர்ந்தாலும் கீழ்க்குளங்கள் வறண்டுபோகும். எனவே தூர்வாருதலே இம்முறையின் உயிர்நாடி. நெல் கார், பிசானம் என இருபோகம். முதலாவதற்குத் தென்மேற்குப் பருவமழையும் அடுத்ததற்கு வடகிழக்குப் பருவமழையும் துணை.

ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை இவ்வூரில் இருந்தது. ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்த புலவர்களுள் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் முதன்மையானவர்.