தேக்கடி: மலைக்குடிகளின் சூழல் சுற்றுலா

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ளது தேக்கடி. 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்து ஏரி பெருகியது. அதைச் சூழ்ந்த காடு 1934இல் நெல்லிக்கம்பட்டி வேட்டைவிலங்குச் சரணாலயமாகவும், 1950இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. காட்டுக்குள் வாழ்ந்த மன்னான் குடியினர் 1940களில் குமுளிப் பக்கம் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு ஏரி மீனும், அங்குள்ள மற்றொரு குடியினரான பளியருக்குத் தேனும் பிழைப்பாயின.

1996இல் உலக வங்கி உதவியுடன் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் இங்கு வந்தது; 2004 வரை நடந்தது. ஊர்தோறும் குழுக்கள் அமைந்தன. அவற்றுள் முன்மாதிரியானது, காட்டு இலவங்கப் பட்டையைத் திருடி விற்றவர்களின் குழு. வனத்துறையோடு உடன்பட்டுக் கள்ளத்தொழிலைக் கைவிட்டவர்கள் 1998 முதல் பயணிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். காட்டில் தங்கி நடக்கும் அந்தப் பயணத்தில் பயணிகள் அதிகபட்சம் ஐந்து பேர். வழிகாட்டிகளும் ஐந்து பேர். துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர். எந்தத் தடத்தில் திருடன் வருவான், எங்கே கூடாரம் அடிப்பான் என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? பயணிக்கு வழிகாட்டும் அதே நடை காட்டுக்குக் காவலுமாகிறது. 2002 முதல் 'வசந்த சேனை'ப் பெண்கள் கூலி வாங்காமல் முறைவைத்துச் சந்தனக் காட்டைச் சுற்றி வருகிறார்கள். 2004இல் அமைந்த பெரியாறு அறக்கட்டளை, பயணிகளிடம் பெறும் கட்டணத்தைக் கொண்டு இப்பணிகளைத் தொடர்கிறது.

மன்னான்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. கோவில்மலையில் இன்றும் அவர்களுக்கு அரசர் உண்டு. அவர்களின் கூத்து கோவலன் கண்ணகி கதையைச் சொல்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலும் இக்காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் பொங்கும், கோவலன் கூத்தாடும் இலங்கையின் வன்னி மக்களுக்கு இது அந்நியக் கதையல்ல. பயணிகளுக்காக மன்னான்களின் ஆட்டம் மாலையில் நடக்கிறது. ஆனாலும் கூத்தைக் காப்பது, குடியினர் தமக்காக நடத்தும் விழாவே.

தேக்கடியின் பாடம் வன்னிக்கும் பொருந்தும். அங்கே பரந்தனுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுண்டிக்குளத்தில் மலையில்லை, களப்பும் பூநாரைகளும் மீனவரும் உண்டு. பயணிகளை அழைக்கும் திட்டம் எதுவானாலும், களப்பை அறிந்த அந்த மீனவரே முதல் வழிகாட்டிகளாகவும் வருமானத்தின் பங்காளிகளாகவும் இருக்க வேண்டும்.