ரைட் கியரா, லெஃப்ட் கியரா?

பழைய புல்லட் வாங்கலாமா, புதுசு எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதைத் தாண்டாத பிள்ளைகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கால்நடை மருத்துவனாக இருந்த காலம் முழுக்க நான் ஓட்டியது 350 சிசி காஸ்ட் அயர்ன் புல்லட் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் ஏரிக்கரையில் வண்டி ஏறும்போதே சத்தம் கேட்டு, நான் போய்ச் சேர்வதற்குள் மாட்டைப் பிடித்துக் கட்டி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் பழசைத்தான் சொல்வார் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "தம்பி, உங்க ஊர்ல பாயின்ட் செட் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரா?"

பாயின்ட் என்பது பழைய எஞ்சினில் ஸ்பார்க் விழும் நேரத்தைத் தீர்மானிக்கிற சின்ன ஸ்விட்ச். இந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது வருடக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வண்டி வாங்குவது நல்லது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஒருகாலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர் அது. புல்லட்டைச் செய்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் வேரும் ஓர் ஊசித் தொழிற்சாலையில்தான் இருக்கிறது. புல்லட் என்ற பெயர் 1932-லேயே வந்துவிட்டது. ஆனால் நாம் புல்லட் என்று சொல்கிற வண்டி இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புது புல்லட் 1948-ல் பந்தயக் களத்தில் தலைகாட்டியது. அதே வருடம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சோதனை ஓட்டத்தில், வென்ற பிரிட்டன் அணியில் இந்த வண்டி ஓடியது, தங்கப் பதக்கம் பெற்றது. இன்று அப்பாவும் தாத்தாவும் ஓட்டும் வண்டி என்று பேசப்படுகிற புல்லட், பிறந்தபோது கல்லும் சேறும் ஏறி இறங்கும் போட்டி வண்டி. செம்மண் தடத்தில் மருந்துப் பெட்டியையும் சினை ஊசிக்கான நைட்ரஜன் கேனையும் கட்டிக்கொண்டு போன எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்த வண்டியை இங்கே இறக்குமதி செய்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1952-ல் இந்திய ராணுவம் ஆர்டர் கொடுத்தது. எல்லைக் காவலுக்கு உழைப்பைத் தாங்கும் வண்டி, எளிதாகப் பழுதுபார்க்கக்கூடிய வண்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினார்கள். முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் வெளியே வந்தன. சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தத் தொழிலே முடிந்துபோனது. தாய் வீடு இடிந்த பிறகும் திருவொற்றியூரில் உலை அணையவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. டேங்கில் ஓடுகிற தங்கக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கும் வழக்கம்கூட விட்டுப்போகவில்லை.

ஐம்பதுகளில் வந்த அந்த எஞ்சின் நாற்பது வருடத்துக்கு மேல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. லைசென்ஸ் காலம் அது. வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது. உள்ளூரில் ராஜ்தூத், ஜாவா, அதன் பிறகு யெஸ்டி, இவ்வளவுதான் போட்டி. ராணுவமும் போலீசும் வாங்கிக்கொண்டே இருந்தன. மாற்ற வேண்டிய நெருக்கடி கம்பெனிக்கு இல்லை. ஆனால் அந்த மாறாத தன்மையால் நமக்கு ஒரு பெரிய நன்மை விளைந்தது: ஒரே எஞ்சினைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் உருவானார்கள். அப்பா பிரித்த எஞ்சினை மகனும் பிரித்தான். பழைய உதிரிபாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை, புதுசுக்கு ஜி.பி. ரோடு. அங்கே கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். பழைய புல்லட்டின் உண்மையான பலம் இந்த மனிதர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. குறுகலான சிலிண்டரில் பிஸ்டன் நீண்ட தூரம் போய்வரும். கனமான ஃப்ளைவீல் மெதுவாகச் சுற்றும். அந்த நிதானமான 'டக் டக்' இதிலிருந்துதான் பிறக்கிறது. சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு, காஸ்ட் அயர்ன் என்ற பெயர் வந்தது அதனால். சக்தி வெறும் 18 குதிரை. கியர்பாக்ஸ் தனி உறுப்பு, எஞ்சினுக்குப் பின்னால் போல்ட்டில் பூட்டியிருக்கும். நாலு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் பெடலுக்குப் பக்கத்திலேயே நியூட்ரல் ஃபைண்டர் என்று இன்னொரு சின்ன பெடல், முதல் கியரைத் தவிர வேறு எந்த கியரில் நின்றாலும் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் நியூட்ரல் வந்துவிடும். அந்தச் சுகம் வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஸ்டார்ட் பண்ணுவது தனிக் கலை. சாவியைப் போட்டதும் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற ஆம்ப்மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அமுக்கினால் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும். அதாவது பாயின்ட் மூடியிருக்கிறது, காயிலுக்குக் கரன்ட் போகிறது. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் காலில் ஒரு கனம் தட்டும், முள் நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் கம்ப்ரெஷனின் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது இடது கையில் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, உச்சியைத் தாண்டும் அளவுக்குக் கிக்கரை ஒரு நூல் நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடையை இறக்கி ஒரே மிதி. முள்ளைப் பார்க்காமல் அவசரத்தில் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். முறை தெரிந்தால் ஒல்லியான ஆள்கூட ஒரே மிதியில் எடுத்துவிடலாம்.

டேப்பட் பார்ப்பதும் அப்படித்தான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வலது பக்க டேப்பட் மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடும் தெரியும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. அளவு பார்க்கக் கருவியே வேண்டாம், விரல் போதும். எங்கள் ஊர் மெக்கானிக் பாய் கண்ணை மூடிக்கொண்டு ராடை உருட்டுவார். "டாக்டர் சார், நீங்க மாட்டுக்கு நாடி பார்க்கிற மாதிரிதான் இது" என்பார்.

எண்பதுகளின் நடுவில் காற்று மாறியது. ஜப்பான் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்தன. இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100. பெட்ரோலைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் ஹீரோ ஹோண்டா தந்த வாக்குறுதி. புல்லட்டை அப்படி மறக்க முடியாது. எண்ணெய் பார்க்கணும், நட்டு முறுக்கணும், பாயின்ட் துடைக்கணும். அலுவலகத்துக்கு அவசரமாகக் கிளம்புகிறவனுக்கு அதற்கு நேரமில்லை. கம்பெனி தளர்ந்தது. 1994-ல் ஐஷர் வாங்கி, ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயரையே மறுபடி சூட்டியது.

இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு எஞ்சினும் ஓட்டுபவன் கையிலிருந்து ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. முதலில் வந்தது ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த லீன் பர்ன் எஞ்சின். தொண்ணூறுகளின் கடைசியில் மச்சிஸ்மோவில் வந்தது, 2002-ல் ஐந்து கியரோடு தண்டர்பேர்டில் வந்தது. முழுக்க அலுமினியம் என்பதால் சூடு சீக்கிரம் இறங்கும், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். கியர்பாக்ஸ் மட்டும் பழையபடி தனியாகவே இருந்தது. 'பீட் இல்லை' என்று ரசிகர்கள் இதை ஒதுக்கிவிட்டார்கள், இன்றும் ஒதுக்குகிறார்கள். எனக்கு இது வருத்தம் தருகிற விஷயம். பழைய புல்லட்டின் உடம்பும் கொஞ்சம் நவீனமான இதயமும் சேர்ந்த ஒரே தலைமுறை அது. காஸ்ட் அயர்ன் மீது ஆசை இருந்தும் அதைப் பராமரிக்க ஆளில்லை என்று தயங்குகிறவன் நல்ல ஏவிஎல் வண்டியைத் தேடலாம். மவுசு குறைவு என்பதால் விலையிலும் பேரம் படியும்.

2008-ல் வந்தது யூசிஇ. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. ஹைட்ராலிக் டேப்பட் வந்ததால் விரலால் உருட்டிப் பார்க்கும் வேலை ஒழிந்தது. கியர் முழுக்க இடது காலுக்கே மாறியது. ஆனால் 70-க்கு 90 என்ற பழைய அளவை 350-இல் விடவில்லை, சத்தத்தின் அடிநாதம் தங்கியது. 2009-ல் இந்த எஞ்சினோடு கிளாசிக் வந்ததும் ஜனங்கள் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக, அந்தக் காலகட்டத்திலேயே காஸ்ட் அயர்ன் எஞ்சினின் உற்பத்தி நின்றது.

வலது கால் கியருக்கும் இடது கால் பிரேக்குக்கும் பழகியவர்கள் அந்த மாற்றத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நாய் குறுக்கே ஓடினால் மூளைக்கு முன்னால் கால்தான் முடிவெடுக்கும். அதனால் வீட்டில் ஏற்கெனவே வேறு பைக் இருக்கிற பிள்ளைகளிடம் ரைட் கியர் வண்டி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. ஆசைக்கு இடம் கொடுக்கிற விஷயமில்லை இது.

350-இல் கடைசியாக வந்தது ஜே சீரிஸ். 2020-ல் மீட்டியரில் அறிமுகமாகி, 2021-ல் கிளாசிக்குக்கும் 2023-ல் புல்லட்டுக்கும் வந்தது. 349 சிசி. போர் 72, ஸ்ட்ரோக் 85.8, அந்தப் பழைய அளவு போய்விட்டது. புஷ் ராடும் இல்லை, கேம் ஷாஃப்ட் மேலே ஏறிவிட்டது. அதிர்வை அடக்க பேலன்ஸர் ஷாஃப்ட், ஏபிஎஸ் பிரேக். திருச்சி போகும் நாலுவழிச் சாலையில் இதை ஓட்டினால் கைப்பிடி நடுங்குவதில்லை. பழைய வண்டி 60-க்கு மேல் போனால் எஞ்சின் திணறுவது உடம்பில் தெரியும், டிரம் பிரேக்கை நம்பி லாரிக்குப் பின்னால் நெருங்க முடியாது. தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவன், மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்துப் போகிறவன், யோசிக்காமல் ஜே எஞ்சினை எடுக்கட்டும். அது புல்லட்டே இல்லை என்று டீக்கடையில் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். திருவொற்றியூரில் ஐம்பதுகளில் பூட்டிய வண்டியும் அன்றைய சாலைக்கான வண்டிதான்.

இவ்வளவும் கேட்ட பிறகும் காஸ்ட் அயர்ன்தான் வேண்டும் என்று நிற்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதிதாக பெயின்ட் அடித்து, குரோம் மின்ன நிற்கிற வண்டியைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பேன். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்கணும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேட்கணும். விற்பவர் முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடணும். குளிர்ந்த எஞ்சினை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திருகி விடும்போது கீழே கிராங்க் பக்கம் கனமாக ஒரு தட்டல் கேட்டால், கனெக்டிங் ராடின் அடிமுனையில் சுற்றுகிற ஃப்ளோட்டிங் புஷ் தேய்ந்திருக்கலாம். எஞ்சினை முழுக்கப் பிரிக்கிற செலவு அது, விலையில் கழித்துக் கேட்கலாம். மேலே சலசலவென்று வருவது டேப்பட், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எஞ்சினுக்கு அடியில் ரெண்டு சொட்டு எண்ணெய் கிடந்தாலும் பரவாயில்லை. பார்க்கப் போகும்போது மட்டும் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். இனி அந்த வண்டியோடு வாழப்போவது நீங்கள் இரண்டு பேரும்தான்.